பெயர் இருக்கிறது, ஃபைல் இருக்கிறதா?

பிள்ளைகளின் உதவித்தொகை மனுவுக்காக வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கம்ப்யூட்டர் சென்டர்களில் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் வாங்கி வருகிறோம். ஃபோல்டரில் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தால் போதும் என்று கிளம்பிவிடுகிறோம். அது போதாது.

லினக்ஸ் கணினியின் டிஸ்க்கில் ஃபோல்டர் என்பது ஏறக்குறைய ஒரு பெயர்ப் பதிவேடுதான். பெயருக்கு எதிரே ஓர் எண் இருக்கும். ஃபைலின் அளவு, உரிமையாளர், கடைசியாகத் திருத்திய நேரம் ஆகியவை அந்த எண்ணுக்குரிய 'ஐநோடு' என்ற தனி இடத்தில் இருக்கும். ஆகவே புரோகிராம் படிக்கும் நம் பிள்ளைகள் இயங்குதளத்திடம் இரண்டு தடவை கேட்க வேண்டும். 'ஓபன்டிர்', 'ரீட்டிர்' பெயர்களை ஒவ்வொன்றாகத் தரும். 'ஸ்டாட்' விவரம் தரும். இந்த ஸ்டாட் 1971-ஆம் ஆண்டு யூனிக்ஸ் கையேட்டிலேயே உண்டு! நேரத்தை இன்று அது 1970 ஜனவரி 1 முதல் கடந்த விநாடிகளாகச் சொல்கிறது.

பென் டிரைவில் பெயரும் அளவும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பதிவாகும். ஆனாலும் எழுதி முடிப்பதற்குள் பிடுங்கினால் பெயர் மட்டும் நின்று, அளவு 0 என்று காட்டலாம். சில சமயம் அளவு சரியாக இருந்தும் உள்ளே கெட்டிருக்கும். விண்டோஸில் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்' போனால் அளவும் தேதியும் தெரியும். அங்கே காட்டும் தேதி ஃபைலுடையது, சான்றிதழுடையது அல்ல. சென்டரை விட்டுக் கிளம்புமுன் ஒவ்வொன்றையும் திறந்தும் பார்த்துவிடுங்கள்.