பழைய காருக்கு ஒரு மூச்சு டெஸ்ட்!

ஐப்பசி அடைமழை. ஈ.சி.ஆர்-ல கோவளம் தாண்டி மாமல்லபுரம் நோக்கி 1950-கள் மாடல் ஃபோர்டு ஆங்லியா ஒண்ணு போகுது. முன்னாடி ஒரு பஸ். ஓவர்டேக் பண்ண ஆக்ஸிலேட்டரை மிதிச்சா, கண்ணாடியில ஓடிட்டு இருந்த வைப்பர் பாதியில நின்னுடும்! காலை எடுத்தா மறுபடி ஓடும். பேய், பிசாசு எதுவும் இல்லீங்க. அந்த வைப்பருக்கு மோட்டாரும் கிடையாது, கரன்ட்டும் கிடையாது. அதை ஓட்டுறது வேக்குவம், அதாவது எஞ்சின் இழுக்குற மூச்சு!

ஹெரிடேஜ் கார்களைப் பார்த்தா பக்கத்துல நின்னு போட்டோ எடுக்குற ஆளா நீங்க? அடுத்த தடவை பானெட்டுக்குள்ளயும் கொஞ்சம் எட்டிப் பாருங்க. கிளாஸ்ல தூக்கம் வர்ற ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் அங்கே கண்ணு முழிச்சு உட்கார்ந்திருக்கும்.

யானை பலம் எங்கிருந்து?

பெட்ரோல் எஞ்சின்ல பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றை இழுக்கும். ஆனா கார்புரேட்டர்ல த்ராட்டில் தட்டு வழியை அடைச்சுட்டு நிக்கும். அதனால இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ள அழுத்தம் குறையும். ஐட்லிங்ல இது சுமார் 17-லிருந்து 21 அங்குல பாதரச அளவு இருக்கும். ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சா தட்டு திறந்துடும், இழுப்பு கிட்டத்தட்ட பூஜ்யம். வைப்பர் நின்ன ரகசியம் இதுதான்!

1650-கள்ல ஜெர்மனிக்காரர் ஓட்டோ ஃபான் கெரிக் ரெண்டு செம்பு அரைக்கோளத்தை ஒட்டவெச்சு உள்ளே இருந்த காற்றை எடுத்துட்டார். குதிரைகளைக் கட்டி இழுத்தும் பிரிக்க முடியலை. நம்ம மாமல்லபுரத்து வெண்ணெய் உருண்டைப் பாறையை 1908-ல கவர்னர் ஆர்தர் லாலி 7 யானைகளை வெச்சு இழுத்தும் அசையலைன்னு ஒரு கதை சொல்வாங்க. பாறை நிக்கிறது வேற சமாச்சாரம். ஆனா கெரிக்கோட கோளத்தை அமுக்கிப் பிடிச்ச அதே வெளிக்காற்றுதான் பிரேக் பூஸ்டரையும் தள்ளுது. 20 செ.மீ. விட்டமுள்ள டயஃப்ரம், 20 அங்குல வேக்குவம்... கணக்குப் போட்டா சுமார் 200 கிலோ தள்ளு விசை. வெறும் காற்று!

வண்டலூர் வாரிசு

இந்த விஷயம் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ரொம்ப நெருக்கம். இன்னைக்கு இந்த மாவட்டத்துல இருக்கிற வண்டலூர்லதான் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனி கார் தயாரிச்சது. 1961-ல வந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அவங்க ஸ்டார். முன்பக்கம் மொத்தமும் ஒரே துண்டா முன்னால கவிழ்ந்து திறக்கும். டயர் மேல உட்கார்ந்துகிட்டே எஞ்சினை நோண்டலாம். 1985-ல கொண்டு வந்த ஸ்டாண்டர்ட் 2000 ஓடலை, 1988-ல தயாரிப்பே நின்னுடுச்சு. கம்பெனி போயாச்சு, வண்டிங்க மிச்சம் இருக்கு. அதுங்களுக்கு வயசாகி ரப்பர் விறைச்சுப் போறதுதான் இப்ப தலைவலி. வெயிலும் எஞ்சின் சூடும் ஹோஸை வெடிக்க வைக்கும். கடலோர உப்புக் காற்று தகர டப்பாக்களையும் இரும்புக் குழாய்களையும் அரிக்கும்.

சரி, எங்கே ஓட்டை?

மெக்கானிக் அண்ணன்கள் 'ஏர் இழுக்குது'னு ஒரே வார்த்தையில முடிச்சுடுவாங்க. எங்கேன்னு கண்டுபிடிக்கிறதுதான் வித்தை.

முதல்ல காது. ஒரு நீளமான ரப்பர் குழாயை ஒரு பக்கம் காதுகிட்ட வெச்சு, மறுமுனையை ஹோஸ், கேஸ்கெட் ஓரமா நகர்த்துங்க. 'உஸ்ஸ்...'னு சத்தம் கேட்டா மாட்டிக்கிச்சு! ஃபேன் பெல்ட் பக்கம் மட்டும் குழாயும் கையும் போகக் கூடாது. அடுத்து, வேக்குவம் ஹோஸ்களை ஒவ்வொண்ணா அமுக்கிப் பாருங்க. எதை அமுக்கும்போது எஞ்சின் நிதானமாகுதோ, கோளாறு அந்த ஹோஸ்லயோ அது போய்ச் சேருற பாகத்துலயோதான். ஊதுபத்திப் புகையைக் காட்டிப் பார்க்கலாம்னு யாராவது ஐடியா கொடுத்தா, கும்பிடு போட்டு அனுப்பிடுங்க. பெட்ரோல் ஆவி பக்கத்துல நெருப்பு கூடவே கூடாது.

வேக்குவம் கேஜ் இருந்தா இன்னும் சுலபம். முள் ஆடாம, ஆனா குறைவா நின்னா லீக் இருக்கலாம், இல்லேன்னா இக்னிஷன் டைமிங் பின்தங்கியிருக்கலாம். சீரா ஒரே இடைவெளியில விழுந்தா வால்வைச் சந்தேகப்படுங்க. மெதுவா மேலயும் கீழயும் மிதந்தா கார்புரேட்டர் மிக்ஸ்சர். ஒரு எச்சரிக்கை: ஊட்டி உயரத்துல காற்றழுத்தமே குறைவு. இங்கே 20 காட்டுற கேஜ் அங்கே சுமார் 7 அங்குலம் குறைச்சுக் காட்டும். எஞ்சின் மேல தப்பில்லை!

மூணு பாகம், மூணு டெஸ்ட்

டிஸ்ட்ரிப்யூட்டர்: பக்கத்துல ஒட்டியிருக்கிற தட்டு மாதிரி டப்பாதான் வேக்குவம் அட்வான்ஸ். நிதான வேகத்துல ஸ்பார்க்கை முன்கூட்டியே தர வைக்கும். இது கிழிஞ்சா மைலேஜ் குறையும், எஞ்சின் மந்தமாகும். எஞ்சினை அணைச்சு, டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைக் கழற்றி, கை பம்ப்பால அந்த டப்பாவோட ஹோஸ்ல இழுங்க. உள்ளே இருக்கிற தட்டு நகர்ந்து அப்படியே நிக்கணும். தானா திரும்பினா டயஃப்ரம் காலி. ஐட்லிங்ல கார்புரேட்டர் பக்கம் இழுப்பே இல்லையேன்னு பயப்படாதீங்க. பல கார்புரேட்டர்கள்ல கொஞ்சம் ஆக்ஸிலேட்டர் கொடுத்தாதான் அங்கே வேக்குவம் வரும்.

வைப்பர்: ஹோஸைக் கழற்றி ஐட்லிங்ல விரலை வெச்சுப் பாருங்க. இழுப்பு நல்லா இருந்தும் வைப்பர் ஓடலைன்னா, அதோட உள் சீல் காய்ஞ்சிருக்கும். சில கார்கள்ல பெட்ரோல் பம்ப்போடயே ஒரு வேக்குவம் பம்ப்பும் சேர்ந்திருக்கும். அதோட டயஃப்ரம் கிழிஞ்சா எஞ்சின் ஆயில் உள்ளே போய் நீலப் புகை வரும். பிஸ்டன் ரிங் போச்சுன்னு எஞ்சினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பார்த்தா பர்ஸ் தப்பிக்கும்!

பிரேக் பூஸ்டர்: இதுல விளையாட்டு வேண்டாம். எஞ்சினை அணைச்சுட்டு பெடலை நாலஞ்சு தடவை மிதிங்க. அப்படியே அழுத்திப் பிடிச்சு ஸ்டார்ட் பண்ணுங்க. பெடல் லேசா கீழே இறங்கினா பூஸ்டர் வேலை செய்யுது. இறங்கலைன்னா ஹோஸ், ஒருவழி வால்வு, டயஃப்ரம்னு வரிசையா பார்க்கணும். பூஸ்டர் போனாலும் பிரேக் பிடிக்கும், ஆனா காலால பல மடங்கு அழுத்தணும். குறுக்கே ஆள் வரும்போது அந்த வித்தியாசம் ஒரு உயிர். அதோட, வெளியே கசிவு தெரியாம பிரேக் ஆயில் குறைஞ்சுட்டே வந்து, புகை வெள்ளையா போனா, மாஸ்டர் சிலிண்டர் சீல் வழியா பூஸ்டர் அதைக் குடிக்குதுன்னு சந்தேகப்படலாம். அந்த வண்டியை ரோட்டுக்கே எடுக்காதீங்க.

ஸ்கேனர் இல்லாத டாக்டர்

இதெல்லாம் பழைய கதைன்னு ஒதுக்கிட முடியாது. இன்னைக்கும் ஏராளமான பெட்ரோல் கார்கள்ல பிரேக் பூஸ்டர் வேக்குவத்துலதான் ஓடுது. டீசல் எஞ்சின்ல த்ராட்டில் இழுப்பு இல்லாததால தனி பம்ப் வெப்பாங்க. எலெக்ட்ரிக் கார்ல மூச்சு விட எஞ்சினே இல்லை. அதுக்கு மின்சார பம்ப் வேணும், இல்லேன்னா முழுக்க மின்சாரத்துல இயங்குற பூஸ்டர் வேணும். மஹிந்திரா சிட்டி ஆராய்ச்சிக் கூடத்துல நாளைக்கு நீங்க உட்கார்ந்தாலும் கேள்வி இதேதான்: காலுக்குத் துணையா வர்ற அந்த 200 கிலோ எங்கிருந்து வரும்?

ஸ்கேனர் மாட்டினா கோளாறு கோடு வரும் காலம் இது. கேட்டு, தொட்டு, அமுக்கிப் பார்த்து நோயைச் சொல்ற பெரிய மெக்கானிக்குகள் நம்ம ஊர்லயே இன்னும் இருக்காங்க. செமஸ்டர் லீவுல ஒரு வாரம் அவங்க பக்கத்துல ஸ்பேனர் எடுத்துக் கொடுங்க பாஸ். வைவாவுல மேனோமீட்டர் பத்திக் கேட்டா, பதில் விரல் நுனியில இருக்கும். கொஞ்சம் கிரீஸோட!