பூதங்கள் வாழவைத்த துறைமுகப் பட்டினம்

யப்பானின் பெருந்தீவாகிய ஹொன்ஷூவின் மேற்குப் பகுதியில், யப்பான் கடலை நோக்கிக் கிடப்பது தொத்தோரி மாகாணம். அம்மாகாணத்து யொனகோ நகரின் புகையிரத நிலையத்திலே மேடைகளின் இலக்கம் ஒன்றிலிருந்து தொடங்குவதில்லை; பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றது. யப்பானிய மொழியில் 'ரெய்' என்னும் ஒலி பூச்சியத்தைக் குறிக்கும். வேறோர் எழுத்தால் எழுதினால் இறந்தோரின் ஆவியையும் குறிக்கும். இந்தச் சிலேடையைப் புகையிரதப் பகுதியினர் கைநழுவ விடவில்லை. பூச்சிய மேடைக்கு 'ஆவி மேடை' என்றே ஒரு பெயரும் சூட்டிவிட்டனர்.

அந்த மேடையிலிருந்து புறப்படும் சிறிய டீசல் வண்டியின் உடலெங்கும் பூதங்களும் விகாரச் சிறுவர்களும் தீட்டப்பட்டிருக்கக் காணலாம். 1902ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பழைய கிளைப் பாதை அது. நீளம் 17.9 கிலோமீற்றர், நிலையங்கள் 16. ஒவ்வொரு நிலையத்துக்கும் அதன் இயற்பெயரோடு ஒரு பூதத்தின் பெயரும் உண்டு. ஒருபுறம் வளைகுடாவும் மறுபுறம் உப்பேரியும் சூழ, வில்லைப்போல் வளைந்த மணல் நிலத்தினூடே முக்கால் மணி நேரம் ஓடி, வண்டி கடைசி நிலையத்தை அடைகின்றது. அதுவே சக்காய்மினாத்தோ. முப்பதாயிரத்துச் சொச்சம் மக்கள் வாழும் மீன்பிடித் துறைமுகம்.

இவ்வூரைத் தேடி யப்பானின் பல திசைகளிலிருந்தும் மக்கள் ஒருநாட் பயணமாக வருவதற்குக் காரணம் 'கெகெகெ நோ கித்தாரோ' என்னும் கார்ட்டூன் படத்தொடர். 1968ஆம் ஆண்டு சனவரியில் தொலைக்காட்சியில் தோன்றிய அத்தொடர், 1971, 1985, 1996, 2007, 2018 ஆகிய ஆண்டுகளில் புதிது புதிதாக மீண்டும் தயாரிக்கப்பட்டது. பாட்டன் சிறுவனாய் இருந்து கண்டதையே பேரனும் சிறுவனாய் இருந்து காண்கின்றான். கதைத் தலைவன் கித்தாரோ, இடுகாட்டிலே பிறந்த ஒற்றைக்கண் சிறுவன். அவனுடைய தந்தையின் உடல் அழிந்துபோக, ஒரு கண் மட்டும் உயிரோடு எஞ்சியது. அந்தக் கண்ணுக்குக் கையும் காலும் முளைத்தன. மகனின் தலைமயிருக்குள் அமர்ந்து அவனுக்கு அறிவுரை கூறும் தந்தை அவரே. மனிதரைத் துன்புறுத்தும் பூதங்களைக் கித்தாரோ அடக்குவான். பூதங்களின் இருப்பிடத்தை அழிக்கும் மனிதரையும் அவன் எளிதில் விடுவதில்லை.

இங்கே 'பூதம்' என்று சொல்லப்படுவது யப்பானியர் 'யோக்காய்' என வழங்குவதாகும். இறந்தவரின் ஆவி வேறு, யோக்காய் வேறு. குளிக்கும் தொட்டியைக் கழுவாது விட்டால் இரவில் வந்து அழுக்கை நக்கும் ஒரு யோக்காய் உண்டு. பழங்குடை ஒன்று ஒற்றைக் காலும் ஒற்றைக் கண்ணுமாய்த் துள்ளித் திரிந்தால் அதுவும் யோக்காய்தான். காரணம் புரியாத ஓசைக்கும் நிழலுக்கும் கறைக்கும் நாட்டுப்புற மக்கள் இட்ட பெயர்களே இவற்றுட் பல.

இக்கதைகளைத் தீட்டிய மிசுகி ஷிகேரு 1922ஆம் ஆண்டில் ஒசாக்காவிற் பிறந்து, சக்காய்மினாத்தோவில் வளர்ந்தவர். அவர் வீட்டுக்கு உதவிக்கு வந்துபோன ஏழை மூதாட்டி ஒருத்தி இருந்தாள். புத்தரை வழிபட்டுத் தொண்டு செய்வோரை அப்பகுதியில் 'நொன்னோன்' என்பர். ஆகவே அவளை 'நொன்னோன்பா', அதாவது நொன்னோன் பாட்டி என்று அழைத்தனர். கூரையின் உட்புறத்திற் கறை தெரிந்தால், "நள்ளிரவில் கூரை நக்கும் பூதம் வந்து போயிருக்கிறது" என்பாள் அவள். சிறுவன் அண்ணாந்து பார்ப்பான். கறை மெய்யாகவே அங்கு இருக்கும். ஷோபுக்குஜி என்னும் உள்ளூர்ப் புத்த கோயிலுக்கு அவனை அழைத்துச் சென்று, சொர்க்கத்தையும் நரகத்தையும் காட்டும் ஓவியங்களை அவள் காண்பித்தாள். இன்றும் அக்கோயிலுக்குச் செல்வோர் அவ்வோவியங்களைத் தேடுகின்றனர். எழுத்தறிவு மிக்கோர் பலர் செய்யாததை ஒரு கிழவி ஒரு குழந்தைக்குச் செய்தாள்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும், மேசையில் குனிந்து சித்திரம் வரையும் மிசுகியின் வெண்கலச் சிலையைப் பயணி காண்கின்றான். அங்கிருந்து தொடங்குகின்றது மிசுகி ஷிகேரு வீதி. நீளம் ஏறத்தாழ 800 மீற்றர். விரைந்து நடந்தால் பத்து நிமிடப் பாதை. அவ்வாறு நடப்போர் எவருமிலர். இருமருங்கிலும் நடைபாதை ஓரமாக 177 வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. பெருஞ்சிலைகளை எதிர்பார்த்து வருபவர் சற்றே ஏமாறக்கூடும். பல சிலைகள் மிகச் சிறியவை. குனிந்துதான் பார்க்கவேண்டும். தெருவிளக்குகள் கண்விழி வடிவிலே அமைந்துள்ளன. பூதங்களுக்கென 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு கோயிலும் எழுந்தது. அதன் முன்னே நீரின் விசையாற் கண்விழிக் கல் ஒன்று ஓயாது சுழல்கின்றது. கண்விழி வடிவில் மிட்டாய் செய்து விற்போரும் உளர். பார்க்க வியப்பாயிருக்கும், தின்னத்தான் மனம் வரவேண்டும்.

இவ்வீதி பிறந்த கதை அத்துணை வேடிக்கையானதன்று. யப்பானின் சிறு நகரங்கள் பலவற்றைப் போலவே, இங்கும் பழைய கடைத்தெரு தேய்ந்துகொண்டிருந்தது. மோட்டார் வண்டி வைத்திருப்போர் புறநகர்ப் பெருங்கடைகளை நாடினர். இளைஞர் வெளியூர் சென்றனர். கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. அந்நிலையில் 1993ஆம் ஆண்டு 23 சிலைகளுடன் வீதி தொடங்கப்பட்டது. கடைவாயிலிற் பூதத்தை நிறுத்தினால் வரும் வாடிக்கையாளரும் ஓடிவிடுவர் என்று அஞ்சியோரும் உண்டு. அவ்வச்சம் நியாயமற்றது என்று கூறிவிட முடியாது. சிலைகள் சிறியவையாதலின் சில களவும் போயின. களவுச் செய்தி பத்திரிகைகளிற் பரவியது; அப்படி ஓர் ஊர் உண்டென்பதை அதனால் அறிந்து வந்தவர் பலர். கள்வர் அறியாது செய்த விளம்பரம் அது.

அதற்குப் பின்னர் நடந்தவை சிந்தித்துச் செய்யப்பட்டவை. சிலைகள் ஒரே பூங்காவிற் குவிக்கப்படாமல், கடைகளின் முன்னே வரிசையாகப் பரந்து நிற்கின்றன. முத்திரைச் சுவடி ஒன்றும் விற்கப்படுகின்றது. அதில் ஒற்றவேண்டிய முத்திரைகளுள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு கடையிலும் நிலையத்திலும் வைக்கப்பட்டுள்ளது. முத்திரை தேடி நுழையும் பிள்ளையின் பின்னே பெற்றோரும் நுழைவர். நுழைந்தவர் எதையேனும் வாங்காது திரும்புவது அரிது. 2018ஆம் ஆண்டில் வாகனப் பாதை ஒருவழியாக்கப்பட்டு நடைபாதை அகலமாக்கப்பட்டது. பயணி நடக்குமளவே தெரு பிழைக்கும் என்ற உண்மையை அவ்வூரார் நன்குணர்ந்திருந்தனர்.

சிலைகளின் நடுவே நீள்சதுரக் கல்லைப்போல ஓர் உருவம், இரு கண்களும் குறுகிய கைகால்களுமாய் நிற்கும். அதன் பெயர் நுரிக்காபே; வழியை மறிக்கும் சுவர்ப்பூதம். இரவில் நடப்போர் திடீரென்று முன்னேற முடியாமற் போவதற்கு வட கியூஷூ மக்கள் இட்ட பெயர் அது. பிள்ளைகள் அதனைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கின்றனர். ஆயினும் மிசுகி அதனைச் சந்தித்ததாகக் கூறிய இடம் யப்பானன்று. இரண்டாம் உலகப் போரிலே அவர் நியூ பிரிட்டன் தீவிலுள்ள ரபவுல் பகுதிக்குச் சாதாரணப் போர்வீரராக அனுப்பப்பட்டார். முன்னணிக் காவலிடம் ஒன்றில் அவர் இருந்தபோது எதிரிகள் தாக்க, உடனிருந்தோர் மடிந்தனர். அவர் மட்டும் கடலிலும் காட்டிலுமாகத் தப்பி ஓடினார். அவ்வாறு ஓடிய இரவொன்றிலே, கண்ணுக்குத் தெரியாத ஏதோவொன்று சுவர்போல் முன்னே நின்று மறித்ததாம். பிற்காலத்தில், நாட்டார் வழக்காற்று அறிஞர் யனகித்தா குனியோ திரட்டிய குறிப்புகளைப் படித்தபோதே, தம்மை மறித்தது நுரிக்காபே என்று அவர் தெளிந்தார்.

உயிரோடு முகாமுக்கு மீண்டவரை வரவேற்றது பாராட்டன்று. துப்பாக்கியைத் தொலைத்துவிட்டு ஏன் பிழைத்து வந்தாய் என்ற கண்டனமே. பின்னர் மலேரியாவால் நலிந்து கிடந்தபோது, 1944ஆம் ஆண்டு விமானத் தாக்குதலொன்றில் இடக்கையை இழந்தார். உலகறிந்த அந்தச் சித்திரங்கள் அனைத்தும் எஞ்சிய வலக்கையால் வரையப்பட்டவை. உயிர் துறக்குமாறு ஏவப்பட்ட போர்வீரரின் கதையை 1973ஆம் ஆண்டில் அவர் தனி நூலாக வரைந்தார். சிரிக்க வைக்கும் பூதங்களை மட்டும் அறிந்தவர்க்கு அந்நூல் அதிர்ச்சி தரும்.

வீதியின் மறுமுனையில் அவர் பெயரால் அமைந்த நினைவுக் காட்சிச்சாலை நிற்கின்றது. 2003ஆம் ஆண்டு பழைய உணவு விடுதி ஒன்றிலே தொடங்கப்பட்டு, 2024ஆம் ஆண்டில் புதிய கட்டடத்திற் திறக்கப்பட்டது. வேடிக்கை காண வந்த குடும்பங்கள் இங்கேதான் ஒற்றைக்கை மனிதரின் வாழ்வை எதிர்கொள்கின்றன. பயணி ஒருநாளில் ஒன்றையே பார்க்க இயலுமாயின், சிலைகளைக் குறைத்துக்கொண்டு இதனைப் பார்ப்பதே தகும். மிசுகியின் மனைவி எழுதிய வாழ்க்கை நினைவுகள் 2010ஆம் ஆண்டு தொலைக்காட்சி நாடகமானபோது, அவ்வோராண்டில் வீதிக்கு வந்தோர் தொகை 37 லட்சத்தைத் தாண்டியது. அந்த வெள்ளம் பின்னர் வடிந்தது. 2015 நவம்பரில் மிசுகி தமது 93ஆம் வயதிற் காலமானார். வீதியோ நின்றுவிடவில்லை.

பூதங்களே இவ்வூரின் முழு வாழ்வு என்று எண்ணிவிடலாகாது. துறைமுகத்திலே செந்நண்டு பெருந்தொகையாகக் கரைசேர்கின்றது. கோடையிற் சூரை மீனும் வரும். நண்பகலுணவை மீன் சோறாக முடித்துக்கொள்வோர் பயணத்தின் பாதியைச் சரிவர முடித்தவராவர்.

மாலையிற் கடைகள் நேரத்தோடு மூடப்படுகின்றன. இருள் சூழ்ந்ததும் விளக்குகளிலிருந்து பூதங்களின் நிழல்கள் நடைபாதையில் விழுந்து அசைகின்றன. பகலிற் கூட்டத்தின் நடுவே தோன்றாத ஒரு மெல்லிய அச்சம் அப்போதுதான் தோன்றும். திரும்பும் வண்டி வழியில் விமான நிலையத்தை அடுத்த நிலையத்தில் நிற்கும். அதன் மறுபெயர் 'பெத்தோபெத்தோசான்'. அந்தப் பூதத்துக்கு உருவமில்லை. இரவில் தனியே நடப்பவரின் பின்னே காலடியோசையாக மட்டும் தொடர்ந்து வரும். அஞ்சி ஓடவேண்டியதில்லை என்பர். பாதையோரம் சற்று ஒதுங்கி நின்று, "பெத்தோபெத்தோசான், தாங்கள் முன்னே செல்லுங்கள்" என்று பணிவாகக் கூறினாற் போதுமாம். ஓசை நின்றுவிடும்.