மெல்லிய முடிக்குத் தேவை வடிகட்டிய தண்ணீர்

ராத்திரி ஐந்தாறு பூந்திக்கொட்டையை வெந்நீரில் ஊறப்போட்டு, காலையில் கையால் பிசைந்து பாருங்கள். சுருங்கிக் கிடந்த தோல் பிசுபிசுவென்று இளகும். உள்ளேயிருந்து கோலிக்குண்டு போலக் கறுப்பு விதை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அந்த விதையால் பயனில்லை, நுரையெல்லாம் தோலில்தான். அதிலுள்ள சபோனின் மூலக்கூறுக்கு ஒரு பக்கம் சர்க்கரை, மறுபக்கம் எண்ணெயைப் பற்றும் பகுதி. தலையிலிருக்கும் பிசுக்கை ஒரு பக்கம் பிடிக்க, மறுபக்கம் தண்ணீரோடு இழுத்துக்கொண்டு போய்விடும். போர்வெல் உப்புத் தண்ணீரிலும் சோப்பைப் போல வெள்ளைப் படிவு விடாது.

முடி மெலிசாக இருப்பது வேறு, கொட்டி அடர்த்தி குறைவது வேறு. கொட்டுவதை எந்த ஷாம்பூவும் நிறுத்தாது. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மெலிசு என்பது இழையின் கனம். 100 மைக்ரான் இழையோடு 50 மைக்ரான் இழையை ஒப்பிட்டால் எடை நாலில் ஒரு பங்கு. ஆனால் வளையாமல் நிற்கும் வலுவோ 16-இல் ஒரு பங்குதான். அதனால்தான் கொஞ்சம் எண்ணெய் தங்கினாலும் தலையோடு படிந்துவிடுகிறது. போதாததற்கு, அதே எடை முடியில் மெல்லிய இழைகளின் மேற்பரப்பு இரண்டு மடங்கு. பிசுக்கு ஒட்ட அவ்வளவு இடம்!

ஆகவே மெல்லிய முடிக்கு அழுக்கும் போக வேண்டும், மேலே எதுவும் தங்கவும் கூடாது. பாட்டிலில் 'தாவரப் பொருள்' என்று போட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். தோலை வறட்டும் சோடியம் லாரில் சல்பேட்டைக்கூடத் தேங்காய் எண்ணெயிலிருந்து எடுக்கிறார்கள். அதன் முனையிலிருக்கும் மின்னூட்டம் தோலின் புரதத்தில் ஒட்டிக்கொண்டு உறுத்துகிறது. டெசைல் குளூக்கோசைட், கோகோ குளூக்கோசைட் என்ற பெயர்களைத் தேடுங்கள். சபோனினைப் போலவே சர்க்கரை முனை கொண்டவை. மின்னூட்டம் இல்லை, உறுத்தலும் குறைவு.

சீயக்காயும் நல்லதுதான். ஆனால் தூளை அப்படியே குழைத்துத் தேய்ப்பதுதான் தப்பு. திப்பி இழைகளுக்கிடையே சிக்கும். தேய்க்கத் தேய்க்க முடியின் மேல்செதில் உரசித் தேயும். வடிகஞ்சியில் குழைப்பது கனத்த முடிக்குப் பளபளப்பு. மெலிந்த முடிக்குப் பாரம். தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, வெள்ளைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, அந்தத் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், குழந்தைகளுக்குக் கவனம்.

பூந்திக்கொட்டைத் தண்ணீர் மிஞ்சினால் வெள்ளிக் கொலுசையோ பட்டுப்புடவையையோ அன்றைக்கே அலசிவிடுங்கள். மறுநாளைக்கு வைத்தால் புளித்துவிடும்.