அறிவுரை சொல்லாத ஆலோசகர்

நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில், குழந்தைகள் வதைத் தடுப்புச் சங்கம் ஒன்றில் 1928-இல் வேலைக்குச் சேர்ந்தார் கார்ல் ரோஜர்ஸ் என்ற இளம் உளவியலாளர். அடங்காத பையன் ஒருவனின் தாய் அவரைப் பார்க்க வந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் தாய் அவனை மனத்தளவில் ஒதுக்கியதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்பது ரோஜர்ஸின் கணிப்பு. பல சந்திப்புகளில் எவ்வளவோ பக்குவமாக எடுத்துச் சொல்லியும் தாய்க்கு அது ஏறவில்லை. கடைசியில், இருவரும் முயன்றுவிட்டோம், பலனில்லை, நிறுத்திக்கொள்ளலாம் என்றார் ரோஜர்ஸ். தாயும் ஒப்புக்கொண்டு கிளம்பினார். கதவுவரை போனவர் திரும்பி, பெரியவர்களுக்கும் இங்கே ஆலோசனை தருவீர்களா என்று கேட்டார். தருவோம் என்றதும் மறுபடி வந்து உட்கார்ந்து, கணவனோடு தான் படும் பாட்டையும் தன் தோல்விகளையும் கொட்டத் தொடங்கினார். ரோஜர்ஸ் அதுவரை ஒழுங்காக எழுதிவைத்திருந்த குறிப்புகளில் இதில் எதுவுமே இல்லை. பலன் தந்த சிகிச்சை அன்றுதான் தொடங்கியது என்று பின்னாளில் அவரே எழுதினார்.

எங்கே வலிக்கிறது, எதை முதலில் பேச வேண்டும், எந்தத் திசையில் போக வேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும். ஆலோசகரின் கெட்டிக்காரத்தனம் அங்கே குறுக்கே நிற்கக்கூடாது. ரோஜர்ஸ் எடுத்துக்கொண்ட பாடம் இது. இன்று உலகின் பல நாடுகளில் தனியாகத் தொழில் நடத்தும் ஆலோசகர்கள் பின்பற்றும் நபர்மைய ஆலோசனை இந்தப் பாடத்தின்மேல் எழுந்ததுதான்.

ரோஜர்ஸ் பண்ணையில் வளர்ந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் படிக்கச் சேர்ந்தது விவசாயம். சிறுவயதில் வீட்டின் நிலவறையில் குளிர்காலத்துக்குச் சேமித்த உருளைக்கிழங்குகளைக் கவனித்திருக்கிறார். மண் இல்லை, நீர் இல்லை. மேலே எட்டத்தில் ஒரு சின்னச் சன்னல். ஆனாலும் கிழங்குகள் முளைவிட்டன. வெளிறிய, வலுவற்ற முளைகள் அந்தச் சன்னல் வெளிச்சத்தை நோக்கியே நீண்டன. மனிதரும் அப்படித்தான் என்றார் ரோஜர்ஸ். ஒருவரின் நடத்தை எவ்வளவு கோணலாகத் தெரிந்தாலும், கிடைத்த சூழலுக்குள் வளரப் பார்க்கும் முயற்சி அதில் இருக்கிறது. சூழல் மாறினால் வளர்ச்சியின் போக்கும் மாறும்.

வளர்ச்சி கோணுவது ஏன் என்பதற்கும் அவரிடம் விளக்கம் உண்டு. அழாத பிள்ளைதான் நல்ல பிள்ளை, கோபப்படாத பெண்தான் நல்ல பெண், முதல் மதிப்பெண் வாங்கினால்தான் பாராட்டு என்று அன்புக்கு நிபந்தனை வைத்து வளர்க்கப்படும் குழந்தை, நிபந்தனைக்கு ஒத்துவராத உணர்வுகளைத் தன்னுடையவை அல்ல என்று ஒதுக்கப் பழகிவிடுகிறது. நாற்பது வயதிலும் அந்தக் கணக்கு நடந்துகொண்டே இருக்கும். ‘நான் இப்படிப்பட்டவள்’ என்ற எண்ணம் ஒரு பக்கம், உள்ளே உண்மையில் நடப்பது இன்னொரு பக்கம். இடைவெளி பெருகப் பெருகப் பதற்றமும் சோர்வும் பெருகும். அறிவுரை இங்கே பெரும்பாலும் எடுபடாததற்குக் காரணமும் இதுதான். எவ்வளவு அன்பாகச் சொன்னாலும், அறிவுரை இன்னொரு நிபந்தனையாகவே காதில் விழுகிறது.

அப்படியானால் ஆலோசகர் என்னதான் செய்கிறார்? 1957-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், மனமாற்றம் நிகழ ஆறு நிலைமைகள் போதும் என்றார் ரோஜர்ஸ். அவற்றில் மூன்று ஆலோசகரின் மனப்பாங்கு பற்றியவை: வேஷமில்லாமல் இருப்பது, வந்தவரை நிபந்தனையின்றி மதிப்பது, அவருடைய உலகத்தை அவர் கண்ணாலேயே பார்க்க முயல்வது. கேட்க எளிது. அறைக்குள் அது எப்படி இருக்கும் என்பதைக் கற்பனையான ஓர் உரையாடலில் பார்க்கலாம்.

“அம்மா போய் ஒரு வருஷம் ஆச்சு. எல்லாரும் என்னை ரொம்பத் தைரியசாலின்னு சொல்றாங்க.”

“தைரியமாவே இருந்தாகணும்னு ஆயிடுச்சு. அழக்கூட இடம் இல்லாத மாதிரி.”

“இல்ல... அழுகை இல்ல.” கொஞ்ச நேரம் மௌனம். “கோபம். அம்மா மேலதான் கோபம். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்ல.”

“அம்மா மேலயே கோபம்.”

“ஆமா. கடைசிவரைக்கும் நோயை எங்கிட்ட மறைச்சுட்டாங்க.”

ஆலோசகரின் முதல் ஊகம் தவறு. அது தவறாகப் போனதே உதவியாயிற்று. இல்லை என்று சொல்லித் திருத்தும்போதுதான் அந்தப் பெண் தன் உணர்வின் சரியான பெயரைத் தானே கண்டுபிடிக்கிறார். ‘அம்மா மேல கோபப்படலாமா?’ என்று ஆலோசகர் கேட்டிருந்தால் அந்தக் கதவு அங்கேயே மூடியிருக்கும். ‘உங்கள் நன்மைக்காகத்தான் மறைத்திருப்பார்’ என்று ஆறுதல் சொல்லியிருந்தாலும் மூடியிருக்கும்.

இந்த முறை வெறும் நம்பிக்கையோடு நின்றிருந்தால் அறிவியலில் பேச இடமில்லை. நாலு சுவருக்குள் நடந்ததைப் பற்றி அதுவரை உலகம் அறிந்ததெல்லாம் சிகிச்சையாளர் நினைவிலிருந்து எழுதியது மட்டும்தான். 1940-இல் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகப் பேராசிரியரான ரோஜர்ஸ், உரையாடல்களை ஒலிப்பதிவு செய்தார். டேப் ரெக்கார்டர் புழக்கத்துக்கு வராத காலம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இசைத்தட்டுகளில்தான் பதிவு. 1942-இல் வெளியான அவருடைய நூலில், ஹெர்பர்ட் பிரயன் என்று புனைபெயரிட்ட ஒருவருடனான எட்டுச் சந்திப்புகளும் சொல்லுக்குச் சொல் அச்சாயின. ஒரு சிகிச்சை முழுவதும் இப்படி அச்சேறியது அதுவே முதல் முறை.

அந்தத் துணிவு அவர்மீதே சோதனையாகத் திரும்பியது. 1966-இல் சார்லஸ் டிரூவாக்ஸ் என்ற உளவியலாளர், ரோஜர்ஸின் பதிவுகளையே ஆராய்ந்தார். வந்தவர் சில வகையாகப் பேசும்போது ரோஜர்ஸின் கனிவும் புரிதலும் கூடின, வேறு வகையாகப் பேசும்போது குறைந்தன என்று கண்டார். வழிநடத்தாதவர் என்று பெயரெடுத்தவரும் தன்னையறியாமல் கொஞ்சம் வழிநடத்தியிருக்கிறார்! முறையைக் கண்டவரையே சோதிக்க அந்த முறை இடம்கொடுத்தது என்பதுதான் இதில் பெருமைக்குரியது.

அதே 1966-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற கணினி நிரலை வெளியிட்டார். நாம் தட்டச்சு செய்வதைக் கேள்வியாக மாற்றித் திருப்பித் தரும் அது, ரோஜர்ஸ் வழி ஆலோசகர்போலவே பேசியது. தனக்கு எதுவும் புரியாத அந்த நிரலிடம் மனிதர்கள் மனம்விட்டுப் பேசியது வைசன்பாமை அதிரவைத்தது. வெறும் எதிரொலிக்கே இவ்வளவு பேச்சு பெருகுகிறது என்றால், கேட்க ஆளில்லாமல் மனிதர் எவ்வளவு ஏங்குகிறார்கள்! ஆனால், மேலே பார்த்த அந்த மௌனத்தில் பொறுத்திருக்கவும், ‘இல்ல’ என்ற சொல்லில் தன் ஊகத்தை விட்டுக்கொடுக்கவும் எலிசாவுக்குத் தெரியாது.

பலன் எவ்வளவு? இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், மிதமான அல்லது கடுமையான மனச்சோர்வு உள்ள 510 பேரிடம் நடந்த ஆய்வு 2021-இல் வெளியானது. நபர்மைய முறையில் அமைந்த ஆலோசனை ஒரு பிரிவினருக்கு. எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும், பெரிதும் புழங்கும் சி.பி.டி. சிகிச்சை மற்றவர்களுக்கு. ஆறு மாதத்தில் நபர்மைய ஆலோசனை சி.பி.டி.க்குச் சளைக்கவில்லை. ஓராண்டு முடிவில் சி.பி.டி.யே முந்தியது. இரண்டு முடிவுகளையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை. மனச்சிதைவு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவற்றுக்கு மனநல மருத்துவரின் உதவி கட்டாயம் வேண்டும்.

தனியார் ஆலோசகரிடம் போகும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பிரிட்டனில்கூட, ஆலோசகர் என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், சட்டம் தடுப்பதில்லை. அதனால்தான் அங்கே தொழில்முறை அமைப்புகள் பதிவேடு வைத்திருக்கின்றன. பதிவுபெற்ற ஆலோசகரும் மூத்தவர் ஒருவரிடம் தன் வேலையைத் தவறாமல் விவாதித்தாக வேண்டும். எந்த ஊரானாலும் பயிற்சி என்ன, யாருடைய மேற்பார்வை, கட்டணம் எவ்வளவு, நான் சொல்வது எந்தச் சூழலில் வெளியே போகும் என்று முதல் நாளே கேளுங்கள். நல்ல ஆலோசகர் இந்தக் கேள்விகளை வரவேற்பார்.

முதல் சந்திப்பு முடிந்து படியிறங்கும்போது, நிறைய அறிவுரை கிடைத்தது என்று மட்டும் தோன்றினால், வேறு ஒருவரையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல முடிந்தது என்று தோன்றினால், அங்கேயே தொடருங்கள்.