பல்பு எரிந்தால்தான் நம்புவோம்: பள்ளியில் ஓர் எஸ்.எம்.பி.எஸ். சோதனைப் பலகை

'ரிப்பேர்' என்று சீட்டு ஒட்டிய பழைய கணினிகள் பல பள்ளிகளில் மூலையில் கிடக்கின்றன. பொத்தானை அழுத்தியும் உயிர் வராவிட்டால் மதர்போர்டு போய்விட்டது என்று முடிவுகட்டிவிடுகிறோம். பழுது பெரும்பாலும் மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் இருக்கலாம். பல்லாவரத்தில் மாற்றுப் பெட்டிக்கு அலைய வேண்டியதில்லை. பழைய டிரங்க் சாலையில் வெள்ளிதோறும் கூடும் சந்தையில் கணினி உதிரிகளும் கிடைக்கும். உத்தரவாதம்தான் கிடையாது. கெட்டுப்போன பெட்டியைச் சோதிக்காமல் மாட்டினால் நல்ல மதர்போர்டும் சேர்ந்து போகலாம். அதனால்தான் பள்ளியிலேயே ஒரு சோதனைப் பலகை அமைத்தேன்.

ஒரு மரப்பலகை, டிஜிட்டல் மல்டிமீட்டர், எர்த் உள்ள பிளக் பாயின்ட், 12 வோல்ட் 21 வாட் வண்டி பல்புகள் இரண்டு, ஹோல்டர்கள், 4.7 ஓம் 10 வாட் மின்தடை ஒன்று. இவ்வளவே தேவை.

பெட்டியின் 24 முனை இணைப்பியில் பச்சை வயர் ஒன்றே ஒன்று இருக்கும். மெயின் சுவிட்சைப் போட்டதும் ஊதா வயரில் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் மேற்கொண்டு சோதிக்க ஒன்றுமில்லை. வந்தால், சுவிட்சை அணைத்து, பச்சையையும் ஒரு கறுப்பு வயரையும் சிறு கம்பியால் இணைத்து மீண்டும் போடுங்கள். மதர்போர்டு இல்லாமலே விசிறி சுழலும்.

மஞ்சளில் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சில் 3.14 முதல் 3.47 வரை வோல்ட் இருந்தால் சரி. பலர் இத்துடன் 'நல்ல பெட்டி' என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. குழாய் மூடியிருக்கும்போது தண்ணீர் அழுத்தம் நன்றாகத்தான் தெரியும். திறந்தால்தானே உண்மை வெளிவரும்!

மஞ்சளுக்கும் கறுப்புக்கும் இடையே ஒரு பல்பை இணைத்தால் 1.75 ஆம்பியர் ஓடும். இரண்டைப் பக்க இணைப்பில் போட்டால் 3.5 ஆம்பியர். சிவப்புக்கும் கறுப்புக்கும் இடையே மின்தடையை வைத்தால் ஏறத்தாழ 1 ஆம்பியர். (அது நன்றாகச் சூடாகும், ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள்.) பத்து நிமிடம் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். பளு இல்லாதபோது 12.1 காட்டிய ஒரு பெட்டி, இரண்டு பல்பு எரிந்ததும் 10.6-க்கு இறங்கியது. உள்ளே மின்தேக்கிகள் வயதாகி வறண்டுவிட்டால் இப்படி நேரும். பெட்டியை ஒதுக்கிவிட்டோம். தலைவிளக்கு பல்பை முதலிலேயே போடாதீர்கள். குளிர்ந்த இழையின் மின்தடை மிகக் குறைவு என்பதால், முதல் கணம் பாயும் மின்னோட்டத்தில் நல்ல பெட்டிகூடத் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும். பெட்டியின் மூடியை யாரும் திறக்கக் கூடாது. 230 வோல்ட் உள்ளே நேர்மின்னோட்டமாக மாறும்போது சுமார் 325 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கியில் தங்கியிருக்கும். மெயின் சுவிட்ச் ஆசிரியர் கையில் மட்டுமே இருக்க வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தத்தில் உள்ள ஹைடெக் ஆய்வகக் கணினிகளைத் தொடவே வேண்டாம். பழையவற்றையும் தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, இருப்புப் பதிவேட்டில் குறித்த பிறகே எடுங்கள்.

பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தின்போது இப்பலகையை வகுப்புக்கே கொண்டுபோகிறேன். 21-ஐ 12-ஆல் வகுத்து மாணவர்கள் மின்னோட்டத்தை முதலில் கணக்கிட்டு எழுதுவார்கள்; பிறகு மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் வயரை மாட்டி அளந்து பார்ப்போம். பளுவுக்கு முன்னும் பின்னும் கிடைத்த அளவுகளைத் தேதியுடன் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியிலேயே ஒட்டிவிடுகிறோம்.