மணல் நிலத்திற்கு ஏற்ற அடும்பு

கடற்கரையை ஒட்டி மனை வாங்கி வீடு கட்டும் வாடிக்கையாளர்கள் பலர், கட்டுமானம் முடிந்ததும் முன்புறத்தில் புல்தரை அமைக்க விரும்புகின்றனர். மணலில் விடும் நீர் வேர்ப்பகுதியில் தங்காமல் விரைந்து கீழிறங்கிவிடும். ஆதலால் கோடையில் நாள்தோறும் நீர் பாய்ச்ச வேண்டியுள்ளது. அந்நீர் பெரும்பாலும் வீட்டுக் கிணற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ எடுக்கப்படுகிறது. கடலோரத்தில் நிலத்தடி நன்னீர், உவர்நீரின் மேல் ஓர் அடுக்காக நிற்பது. அளவுக்கு மீறி இறைத்தால் உவர்நீர் மேலெழுந்து கிணற்றில் கலந்துவிடும். உப்பேறிய கிணறு மீண்டும் நன்னீர் தர நெடுங்காலம் ஆகும். புல்தரைக்காக நாம் இழப்பது குடிநீராக இருக்கக்கூடும்.

இத்தகைய நிலத்திற்கு இயற்கையே தந்துள்ள மலர்க்கொடி ஒன்று உண்டு. அதுவே அடும்பு. குசராத்து முதல் வங்காளம் வரை நம் நாட்டின் இரு கரைகளிலும் இது தானே வளர்கிறது. சங்க நூலான குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் இதற்கும் இடமுண்டு. மலையாளத்தில் இது அடம்பு எனப்படும். மராத்தியர் இதனை ‘மர்யாதா வேல்’, அதாவது எல்லைக்கொடி என்கின்றனர். அலை ஏறும் எல்லையை அடுத்து இது படர்வதை நோக்கினால் அப்பெயரின் பொருத்தம் விளங்கும். 1753-இல் லின்னேயசு இதற்கு இட்ட இலத்தீன் பெயருக்கு ‘ஆட்டின் கால்’ என்பது பொருள். இலையின் நுனி ஆட்டுக்குளம்பு போல் இரண்டாகப் பிளந்திருப்பதே காரணம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் இதே பேரினத்தைச் சேர்ந்தது.

வறட்சியை இக்கொடி தாங்குவது எவ்வாறு? இதன் இலைகள் தடித்தவை, நீரைச் சேமிப்பவை. ஆணிவேர் ஆழச் சென்று ஈரத்தைத் தேடும். தரையில் படரும் தண்டு, கணுதோறும் வேர்விட்டு மணலை இறுகப் பற்றும். காற்றில் பறக்கும் மணல் கொடியின்மேல் படிந்தால் அது மடிவதில்லை; மேலும் வளர்ந்து வெளிவரும். இவ்வாறு மணல் சேர்ந்து மேடாகிறது. புயற்காலத்தில் பேரலைக்கு முதல் தடையாக நிற்பது அம்மேடே. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த மலர்கள் காலையில் விரிந்து, அன்றே வாடிவிடும். எனினும் புதிய மலர்கள் தொடர்ந்து தோன்றும்.

வளர்க்கும் முறை எளிது. மூன்று, நான்கு கணுக்கள் உள்ள தண்டைத் துண்டித்து, இரண்டு கணுக்களேனும் மணலில் புதையுமாறு நடவேண்டும். மழைக்காலத் தொடக்கம் இதற்கு ஏற்றது. வேர் பிடிக்கும் வரை சில வாரங்கள் நீர் விட்டால் போதும். பின்னர் கடுங்கோடையில் மட்டும் எப்போதேனும் விடலாம். விதையிட விரும்புவோர், கடினமான மேலுறையை உப்புத்தாளில் சற்றுத் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். எருவும் உரமும் தேவையில்லை.

சில வரம்புகளையும் அறிந்திருத்தல் நன்று. நிழலிலும் நீர் தேங்கும் களிமண்ணிலும் இது செழிக்காது. பல மீட்டர் நீளம் படருமாதலால் தொட்டிக்கோ சிறு பாத்திக்கோ பொருந்தாது; நடைபாதை ஓரங்களில் அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். கடலிலிருந்து விலகிய மணற்பாங்கான மனையிலும், நல்ல வெயில் இருந்தால், இதனை வளர்க்கலாம்.

இறுதியாக ஒன்று. 2019-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மணல்மேடுகளைச் சூழலியல் முக்கியத்துவம் வாய்ந்த பகுதிகளுள் வைத்துள்ளது. ஆகவே கரையிலுள்ள கொடியைப் பிடுங்கி வருதல் தகாது. நாற்றங்காலிலோ, ஏற்கெனவே வளர்ப்போர் தோட்டத்திலோ தண்டு பெறுவதே முறை. மனைக்கு முன்னே அடும்பு படர்ந்திருந்தால், அதனைக் களையென்று அகற்றாமல் விட்டுவைப்பது அதனினும் நன்று. அதற்குச் செலவே இல்லை.