புது ஈரலும் பழைய காமாலை மருந்தும்

ஆந்திர அரசின் உறுப்பு தானத் திட்டமான ஜீவன்தானின் பட்டியலில் காத்திருந்து, மூளைச்சாவு அடைந்த ஒருவரின் கல்லீரலைப் பெற்று, திருப்பதிக்கோ சித்தூருக்கோ வீடு திரும்பியவருக்குச் சில மாதம் கழித்துக் கண் மஞ்சளானால், கீழாநெல்லியைத் தேடாதீர்கள். வைரஸ் காமாலை பெரும்பாலும் தானாகவே தணிவதால் நிலைத்துவிட்ட நம்பிக்கை அது, இங்கே ஆபத்து. இந்த மஞ்சளுக்குப் பித்தநாளக் கோளாறு காரணமாக இருக்கலாம். ஈரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது, பித்தநாளத்துக்கோ கல்லீரல் தமனிதான் கதி. தான உறுப்பு பனிப்பெட்டியில் காத்திருந்த நேரம் நீண்டாலும், இணைத்த தமனியில் ரத்தம் உறைந்தாலும் முதலில் வாடுவது அந்த நாளம்தான். நாளத்தைத் தைத்த இடமும் தழும்பேறிச் சுருங்கலாம், கசியலாம். பத்தில் ஒருவருக்காவது இத்தகைய பித்தநாளச் சிக்கல் வருகிறது.

அதனால் அறுவைக்கு முன்பே இதைத் தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை. சிகிச்சையின் தன்மையையும் மாற்று வழிகளையும் கணிசமான ஆபத்துகளையும் விளக்கிய பின் பெறுவதே செல்லத்தக்க ஒப்புதல் என்று சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தெலுங்கும் தமிழும் புழங்கும் இந்தப் பகுதியில் ஆங்கிலப் படிவத்தில் கையெழுத்து வாங்கினால் மட்டும் விளக்கியதாகிவிடாது. சொன்னால் பயந்து, கிடைத்த ஈரலையும் மறுத்துவிடுவார்களே என்று மருத்துவர்கள் தயங்குவது புரிகிறது. ஆனால் உறவினர் தரும் பாதி ஈரலில் நாளங்கள் சிறியவை, பல சமயம் ஒன்றுக்கு மேற்பட்டவை. சிக்கல் அங்கேதான் அதிகம். இதையும் சேர்த்துச் சொன்னால் மறுக்கக் காரணம் இராது. சிக்கல் வந்துவிட்டதாலேயே மருத்துவர் தவறிழைத்தார் என்றும் ஆகாது. தேர்ந்த கைகளிலும் வரும். பொறுக்க முடியாதது, ஊர் திரும்பியபின் எந்த அறிகுறிக்கு யாரை அழைப்பது என்று எழுதித் தராமல் அனுப்புவதுதான்.

உடம்பு அரிப்பு, கறுத்த சிறுநீர், வெளுத்த மலம் தெரிந்தால் உடனே ஈரல் ரத்தப் பரிசோதனை. குளிர்காய்ச்சலும் சேர்ந்தால் அன்றே மருத்துவமனை. சித்தூரிலிருந்து வேலூர் பக்கம், திருப்பதியிலிருந்து சென்னைக்குச் சில மணி நேரம். அறுவை செய்த குழுவிடம் உள்ளூர் மருத்துவர் முதலில் பேசிவிடட்டும். எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. தைத்த இடத்துச் சுருக்கத்தை எண்டோஸ்கோப்பியில் பலூனால் விரித்து ஸ்டென்ட் வைத்தால் பெரும்பாலும் சரியாகிறது. ஆனால் சில மாதத்துக்கொரு முறை மாற்ற வேண்டிவரும். அந்தச் செலவைக் காப்பீடோ அரசுத் திட்டமோ ஏற்குமா என்று அறுவைக்கு முன்பே எழுத்தில் கேட்டுவிடுங்கள். ஈரலுக்குள் பல இடங்களில் நாளம் கெட்டிருந்தால் மறு மாற்று அறுவைவரை போகலாம். மருத்துவப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறி விதி. கவனக்குறைவு உண்மையிலேயே இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம். இலவசமாகச் சிகிச்சை பெற்றவருக்கும், அந்த மருத்துவமனை மற்றவர்களிடம் கட்டணம் வாங்குவதாக இருந்தால், அந்த உரிமை உண்டு என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.